ஹோட்டல் வாடகை குறைஞ்சதும் கையெழுத்து போட்டுடாதீங்க

ஊர்ல கல்யாண மண்டபம் பிடிச்சிருப்பீங்க. வாடகை இவ்வளவு, கரண்டு தனி, ஜெனரேட்டர் தனி, கூட்டிப் பெருக்க இவ்வளவுன்னு மேனேஜர் சொல்லிட்டு அட்வான்ஸை வாங்கி டிராயர்ல போட்டுப்பார். பந்தியில நூறு பேர் குறைஞ்சா அது உங்க கவலை, மிஞ்சின சாம்பாரும் உங்களது. மண்டபத்துக்காரருக்கு அதுல லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல. அமெரிக்காவுல ஒரு குரூப்புக்கு ஹோட்டல் பிடிக்கறது அப்படி இல்லை மக்களே. "எத்தனை ரூம் வேணும்?"னு அவங்க சிரிச்சுக்கிட்டே கேக்கற கேள்விக்கு நீங்க குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்றீங்க பாருங்க, அந்த நம்பர்தான் புரோநோட்டு. மத்ததெல்லாம் அதுக்கு மேல ஒட்டற ரெவின்யூ ஸ்டாம்பு.

இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேட்டா, நான் இங்க படிக்கறதே ஹாஸ்பிடாலிடி மேனேஜ்மெண்ட்ல மாஸ்டர்ஸ். (ஊர்ல பெரிய மாமா இன்னும் "கேட்டரிங் படிக்கப் போய் இவ்வளவு கடனா?"ன்னு கேட்டுக்கிட்டுதான் இருக்கார்.) போன கோடையில ஒரு புறநகர் ஹோட்டலோட சேல்ஸ் டிபார்ட்மெண்ட்ல பத்து வாரம் இண்டர்ன்ஷிப். குரூப் காண்டிராக்டுகளைப் படிச்சு, எக்செல்ல ஏத்தறதுதான் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததுல புரிஞ்சது என்னன்னா, நம்மாளுங்க வெறித்தனமா பேரம் பேசற இடத்துல ஹோட்டலுக்குப் பெருசா போறது ஒண்ணும் இல்ல. போற இடத்துல யாரும் வாயே திறக்கறது இல்ல.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பெரிய தொகைன்னா ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

ரெண்டு மாசம் முன்னாடி பக்கத்து ஊர் தமிழ்ச் சங்கத்துப் பொருளாளர் அண்ணன் போன் பண்ணினார். வருஷா வருஷம் வெள்ளி சாயங்காலம் தொடங்கி ஞாயிறு மத்தியானம் வரைக்கும் குடும்பத்தோட ஒரு ஹோட்டல்ல தங்கிப் பட்டிமன்றம், குழந்தைகள் நாடகம், சீட்டுக்கச்சேரின்னு நடத்துவாங்க. "தம்பி, ரூமுக்கு 149 டாலர் சொன்னான். பேசிப் பேசி 119க்குக் கொண்டாந்துட்டேன். அறுபது ரூம், ரெண்டு ராத்திரி. சும்மா ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பு, நாளைக்குக் கையெழுத்து." குரல்ல அவ்வளவு பெருமை. 30 டாலர் குறைச்சாச்சு, 120 ரூம் நைட், ஆக 3,600 டாலர் மிச்சம்னு கணக்கு.

காண்டிராக்ட் பதினாலு பக்கம். ரெண்டாம் பக்கத்துல 119 பளிச்சுனு இருந்தது. ஆறாம் பக்கத்துல இருந்தது அட்ரிஷன்.

அட்ரிஷன்னா இதுதான்: நீங்க பிடிச்சு வெக்கச் சொன்ன ரூம்கள்ல இத்தனை சதவீதமாவது விக்கணும், குறைஞ்சா மிச்சத்துக்கு நீங்க பணம் கட்டணும். வழக்கமா 80 சதவீதம் இருக்கும். இவங்களுக்கு 90 போட்டிருந்தாங்க, அதுவும் ஒவ்வொரு ராத்திரிக்கும் தனித்தனியா. அண்ணன்கிட்ட போன வருஷக் கணக்கைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை 30 ரூம், சனிக்கிழமை 58. வேலை முடிச்சுட்டு, பிள்ளைகளை நீச்சல் கிளாஸ்லேர்ந்து கூட்டிக்கிட்டு, சனி காலையிலதான் பாதிப் பேர் வருவாங்க. எல்லா ஊர்லயும் இதே கதைதான்.

இப்ப கணக்குப் போடுங்க. அறுபதுல 90 சதவீதம் 54. வெள்ளிக்கு 30தான் போச்சுன்னா 24 ரூம் துண்டு விழும். சனிக்கு 58, அதாவது நாலு ரூம் அதிகமாவே வித்திருக்கு. ஆனா ராத்திரிக்கு ராத்திரி தனிக்கணக்குங்கறதால இந்த நாலு அந்த இருபத்துநாலுல கழியாது. 24 பெருக்கல் 119, 2,856 டாலர். வரி வேற. மிச்சம் பிடிச்ச 3,600ல முக்கால்வாசி கோவிந்தா. அதுவும் அந்த 30 டாலர் மிச்சம் வர்ற குடும்பங்களுக்குப் போகுது, இந்த 2,856 சங்கத்தோட தலையில விழுது. சங்கத்துக் கையிருப்பே ஏழாயிரத்துச் சொச்சம்தான்.

இதுல இன்னொரு கூத்து. நம்மாளு எவனாச்சும் சும்மா இருப்பானா? அதே ஹோட்டலை எக்ஸ்பீடியாவுல பார்ப்பான், 112 டாலருக்குக் கிடைக்கும், அங்க போட்டுட்டு வாட்ஸப் குரூப்புல பெருமையா சொல்லுவான். அவன் அதே ஹோட்டல்லதான் தூங்குவான், அதே பட்டிமன்றத்துக்குத்தான் கை தட்டுவான். ஆனா உங்க கணக்குல அவன் வரமாட்டான். சங்கம் அந்த ரூமுக்கும் அபராதம் கட்டும்! "எந்த வழியா புக் பண்ணியிருந்தாலும் எங்க ஆளுங்க பேரை வெச்சு சரிபார்த்து எங்க கணக்குல சேர்க்கணும்"னு ஒரு வரி கேட்டா பெரும்பாலான ஹோட்டல்கள் போட்டுத் தரும். கேட்டாத்தான். தானா தராது.

அப்புறம், நீங்க எடுக்காம விட்ட ரூமை ஹோட்டல் வேற யாருக்காவது வித்துட்டா அதுக்கும் உங்ககிட்ட வாங்குவாங்களா? காண்டிராக்ட்ல ஒண்ணும் எழுதலைன்னா கேக்கத்தான் செய்வாங்க. மறுபடி வித்த ரூமைக் கழிச்சுக்கணும்னு எழுதி வாங்கணும். துண்டு விழற ரூமுக்கு முழு வாடகையா, லாபத்தை மட்டுமான்னும் பேசலாம். யாரும் தங்காத ரூம்ல பெட்ஷீட் துவைக்க வேண்டியதில்ல, பெருக்க ஆள் வேண்டாம், காலைச் சாப்பாடு இல்ல. அந்தச் செலவெல்லாம் மிச்சம்தானே, அதுக்கு ஏன் நாம முழு 119 அழணும்? நியாயமான கேள்வி. நான் இண்டர்னா இருந்த இடத்துல பெரிய கம்பெனிக்காரங்க எல்லாரும் இதைக் கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. சங்கம், சர்ச் குரூப், பழைய மாணவர் கூட்டம் மாதிரி ஆளுங்க மட்டும் ரேட்டைப் பார்த்துட்டுக் கையெழுத்து போட்டுட்டுப் போவாங்க.

ஹோட்டல்காரங்க கெட்டவங்கன்னு சொல்ல வரலை. அவங்க பக்கமும் பாருங்க. கோயம்பேட்டுல இன்னிக்கு விக்காத தக்காளியை நாளைக்கு அடிமாட்டு விலைக்காவது தள்ளலாம். இன்னிக்கு ராத்திரி காலியா கிடந்த ரூமை நாளைக்கு விக்கவே முடியாது. உங்களுக்குன்னு அறுபது ரூமை ஒதுக்கி, வேற ஆளைத் திருப்பி அனுப்பி, கடைசியில நீங்க முப்பதுதான் எடுத்தீங்கன்னா அவங்களுக்கு வயிறு எரியத்தான் செய்யும். அதனால அவங்க பயத்தைக் குறைக்கற மாதிரி பேசினா அவங்களும் இறங்கி வருவாங்க. அண்ணன்கிட்ட நான் முதல்ல சொன்னதே இதான்: ரேட்டைக் குறைக்கச் சொல்லாதீங்க, ரூமைக் குறைங்க.

சின்ன கூட்டம்னா இன்னொரு வழி இருக்கு. பத்துப் பன்னெண்டு ரூம்னா 'கர்டஸி பிளாக்'னு கேளுங்க. ஒரு தேதி வரைக்கும் ஒதுக்கி வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள போனது போச்சு, போகாதது அவங்களுக்கே. அபராதம் கிடையாது. இங்க கல்யாணங்களுக்கு இப்படித்தான் பண்றாங்க. டிபார்ட்மெண்ட் ரிட்ரீட், பேச்சிலர் கும்பல் டூர் எல்லாத்துக்கும் இதுவே போதும். மாணவர் அமைப்புக்காரங்களுக்கு ஒரு வார்த்தை: நிறைய யுனிவர்சிடியில மாணவர் யாரும் காண்டிராக்ட்ல கையெழுத்தே போடக்கூடாது, அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கும். அங்க போயிடுங்க, தலைவலி மிச்சம்.

சரி, ஹோட்டல் தேடறது எப்படி? இதுக்கு நம்ம ஊர் பஞ்சாங்க அறிவே போதும். இங்கயும் முகூர்த்த நாள் உண்டு. கேம்பஸ் ஊர்னா பட்டமளிப்பு வாரம், ஃபுட்பால் சனிக்கிழமை. இண்டியானாபோலிஸ்னா மே கடைசியில இண்டி 500. ஜூலை கடைசி, ஆகஸ்டு வாக்குல ஜென் கான் (2003லேர்ந்து அங்கதான் நடக்குது). அந்த நாள்ல போய் நின்னா பேரமாவது ஒண்ணாவது. ஆடி மாசமும் உண்டு. ஆபீஸ்காரங்களை நம்பி இருக்கற டவுன்டவுன், ஏர்போர்ட், புறநகர் ஹோட்டலுக்கு வெள்ளி, சனி எல்லாம் ஆடி. ஏரிக்கரை, மலை ரிசார்ட்டுக்கு நேர்மாறு, அங்க செவ்வாய் புதன் காத்து வாங்கும். நீண்ட விடுமுறை வாரக்கடைசியில பிசினஸ் ஹோட்டல் ஈயடிக்கும். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழா வழக்கமா ஜூலை 4ஐ ஒட்டி வர்றதுக்கு எல்லாருக்கும் லீவுங்கறதுதான் முதல் காரணமா இருக்கும். ஆனா 2019ல சிகாகோ பக்கத்துல ஷாம்பர்க்ல நடந்தது பாருங்க, அந்த மாதிரி ஆபீஸ் ஊர்கள் அந்த வாரத்துல காலியா இருக்கறதும் ஒரு வசதின்னு என் அபிப்பிராயம்.

ஒரே ஹோட்டல்கிட்ட போய் நிக்காதீங்க. ஒரு பக்கத்துல எழுதுங்க: ரெண்டு மூணு தேதி, ராத்திரிக்கு எத்தனை ரூம், ஹால் எவ்வளவு பெருசு, எத்தனை வேளை சாப்பாடு, போன ரெண்டு வருஷம் நிஜமா எத்தனை ரூம் போச்சு. கடைசி விஷயம் ரொம்ப முக்கியம், பழைய கணக்கு வெச்சிருக்கற குரூப்னா சேல்ஸ்ல ஒரு மரியாதை. இதை அந்த ஊர் கன்வென்ஷன் அண்ட் விசிட்டர்ஸ் பீரோவுக்கு அனுப்பினா ஊர்ல இருக்கற ஹோட்டலுக்கெல்லாம் அவங்களே அனுப்பி வெப்பாங்க. காசு கிடையாது, பெரும்பாலும் ஹோட்டல் வரியிலதான் அந்த ஆபீஸே ஓடுது. 'நாங்க இலவசமா பிடிச்சுத் தர்றோம்'னு வர்ற தரகர்களும் உண்டு. அவங்களுக்கு ஹோட்டல் கமிஷன் கொடுக்கும், ரொம்ப காலம் 10 சதவீதம்தான் வழக்கம். மேரியட் 2018ல வட அமெரிக்காவுல அதை 7 ஆக்கிச்சு, ஹில்டனும் அதே வருஷம் பின்னாலயே. நீங்க நேரா போறீங்கன்னா "கமிஷன் இல்லாத ரேட்டைச் சொல்லுங்க"ன்னு கேக்கறதுல தப்பே இல்லை.

ஹோட்டலை விட்டுட்டு யோசிக்கறதும் நல்லது. எங்க இண்டியானாவுல ஸ்டேட் பார்க்குகளுக்குள்ளயே மாநில அரசு நடத்தற விடுதிகள் இருக்கு. டர்க்கி ரன், பிரவுன் கவுண்டி, பொகேகன் பக்கமெல்லாம். வசதி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா வெளியில காலை வெச்சா காடு. பட்டிமன்றத்துக்கு ஆள் சேராதுங்கறதுதான் ஒரே ஆபத்து :-)

இப்ப சாப்பாடு. நம்மாளுங்க நொந்து போற இடம் இதுதான்.

ஹால் வாடகை இலவசம்னு சொல்லுவாங்க. ஆனா இத்தனை டாலருக்கு எங்ககிட்ட சாப்பிடணும்னு ஒரு மினிமம் இருக்கும். அண்ணனோட காண்டிராக்ட்ல 9,000, பக்கத்துல குட்டியா ரெண்டு கூட்டல் குறி. இந்த 'பிளஸ் பிளஸ்'தான் வில்லன். முதல் பிளஸ் சர்வீஸ் சார்ஜ், ரெண்டாவது வரி. உதாரணத்துக்கு 24 சதவீதம் சர்வீஸ், 8 சதவீதம் வரின்னு வெச்சுக்குங்க. 9,000 முதல்ல 11,160 ஆகும். பல மாநிலத்துல அந்த சர்வீஸ் சார்ஜ் மேலயும் வரி உண்டு, அப்ப 12,053. அந்த 3,053ல ஒரு டாலர்கூட மினிமம் கணக்குல சேராது. சர்வீஸ் சார்ஜ்னா பரிமாறறவங்களுக்கு டிப்ஸ்னு நாம நினைச்சுக்கறோம். முழுசும் அவங்களுக்குப் போயே ஆகணும்னு இல்ல, அதையும் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

காபியைக் கேலன் கணக்குல விப்பாங்க. 128 அவுன்ஸ், 8 அவுன்ஸ் கோப்பைக்கு 16 பேர். விலையைப் பார்த்துட்டு ஊர் டிகிரி காபி நினைச்சு அழலாம். எத்தனை பேர் சாப்பிடுவாங்கங்கற கடைசி எண்ணிக்கையை வழக்கமா மூணு வேலை நாள் முன்னாடி கேப்பாங்க, கொடுத்ததுக்கு அப்புறம் ஏத்தலாம், இறக்க முடியாது. சமையல்கட்டுல எப்பவும் கொஞ்சம் கூடவே பண்ணுவாங்க, அதனால அந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைச்சே கொடுக்கறது புத்திசாலித்தனம்.

வெளியிலேர்ந்து சாம்பார் சாதம், தயிர் சாதம் கொண்டு வரலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. ஹோட்டலுக்கு அது வருமானமும் போகுது, யாருக்காவது வயித்தால போச்சுன்னா கேஸும் வருது. அதனால முதல் பதில் 'முடியாது'ங்கறதுதான். ஆனா இந்தியக் கல்யாணங்கள் நிறைய பார்த்த ஹோட்டல்னா வழி வெச்சிருப்பாங்க. லைசென்ஸும் இன்சூரன்ஸும் இருக்கற கேட்டரர், தலைக்கு இவ்வளவுன்னு ஒரு கட்டணம், தட்டும் மேசை விரிப்பும் அவங்களது. தங்கமணிகள் வீட்டுல செஞ்சு எடுத்துட்டு வர்ற புளியோதரையை மட்டும் எந்த ஹோட்டலும் காண்டிராக்ட்ல ஒத்துக்காது. அது ரூமுக்குள்ள நடக்கற ரகசியம்.

புரொஜெக்டர், மைக் எல்லாம் நம்மளது கொண்டு வரலாமான்னு முன்கூட்டியே எழுதி வாங்கிடுங்க. இண்டர்நெட்டும் அப்படியே. இது சின்ன மேட்டர் இல்லை. நாஷ்வில்ல கேலார்ட் ஆப்ரிலேண்ட்ங்கற ஹோட்டல்ல மாநாட்டுக்கு வந்தவங்களோட சொந்த வைஃபை ஹாட்ஸ்பாட்டை முடக்கிட்டு, ஹோட்டல் இண்டர்நெட்டுக்கு ஒரு கருவிக்கு 250லேர்ந்து 1,000 டாலர் வரைக்கும் வாங்கினாங்கன்னு எஃப்.சி.சி. விசாரிச்சு, 2014ல மேரியட் 6 லட்சம் டாலர் கட்டிச்சு. இப்ப அப்படி முடக்கக் கூடாது, ஆனா கட்டணம் வாங்க யாரும் தடை போடலை.

ரத்து பண்ற ஷரத்தைப் பத்தி ரெண்டே வரி. நாள் நெருங்க நெருங்க அபராதம் ஏறும், கடைசி மாசத்துல முழுத்தொகையும் கேக்கறது சகஜம். 2020 மார்ச்சுல எத்தனையோ குரூப் அந்தப் பக்கத்தை அப்பத்தான் முதல் தடவையா படிச்சாங்க. தொற்றுநோய், அரசுத் தடை எல்லாம் பேர் சொல்லி எழுதியிருக்கான்னு பாருங்க.

அண்ணன் கதைக்கு வரேன். சேல்ஸ் மேடம் வாயால நிறைய சொல்லியிருந்தாங்க. ஞாயிறு லேட் செக்-அவுட் உண்டு, பார்க்கிங் இலவசம், தலைவருக்கு சூட் ரூம். எதுவுமே காண்டிராக்ட்ல இல்ல. கடைசிப் பக்கத்துல "இதுல எழுதினது மட்டுமே ஒப்பந்தம்"னு ஒரு வரி எல்லா ஹோட்டல்லயும் இருக்கும். சேல்ஸ்ல ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க, நாளைக்கு வர்ற புது ஆளுக்கு அந்த வாக்குறுதியெல்லாம் தெரியாது. கையெழுத்து போடற இடத்துல சங்கத்தோட பேரே இல்லாம அண்ணன் பேரும் வீட்டு விலாசமும் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அண்ணி போனை வாங்கி, "தம்பி, முழுசா மாத்தச் சொல்லு"ன்னாங்க. பதிவு பண்ணின சங்கம்னா சங்கத்துப் பேர்ல, பதவியைப் போட்டுத்தான் கையெழுத்து. இல்லைன்னா பிரச்சினை வரும்போது யாரோட பேர் இருக்கோ அவங்களைத்தான் தேடி வருவாங்க. ஏழாயிரம் வெச்சிருக்கற சங்கத்துக்காக வீட்டுக் கடன் கட்டிக்கிட்டிருக்கற மனுஷன் பன்னெண்டாயிரத்துக்குப் பொறுப்பேத்துக்கணுமா?

மூணு வாரம் பேசினோம். (நான் எஃப்-1 விசா. இதுக்குச் சம்பளம் வாங்கப்படாது. இட்லி வாங்கலாம், வாங்கினேன்.) கிடைச்சது: வெள்ளிக்கு 25 ரூம், சனிக்கு 45. மொத்தம் 70 ரூம் நைட்ல 80 சதவீதம், ரெண்டு ராத்திரியும் சேர்த்து ஒரே கணக்கு. கூட வேணும்னா, ரூம் இருந்தா அதே ரேட்டு. மறுபடி வித்த ரூம் கழியும், எக்ஸ்பீடியா ஆசாமியும் எண்ணிக்கையில சேருவார். சாப்பாட்டு மினிமம் 9,000லேர்ந்து 6,000. சனி ராத்திரி வெளி கேட்டரர், தலைக்கு 12 டாலர் கட்டணம். பார்க்கிங், லேட் செக்-அவுட் எழுத்துல வந்தாச்சு, நாற்பது ரூம் நைட்டுக்கு ஒண்ணுன்னு ஒரு இலவச ரூம் நைட். கிடைக்காதது: மைக் செட் அவங்களதுதான் எடுக்கணும், சூட் ரூமும் போச்சு. இத்தனைக்கும் பதிலா ரூம் ரேட்டு 119லேர்ந்து 124.

பொதுக்குழுவுல ஒருத்தர் எந்திரிச்சு, "119க்கு முடிஞ்சதை 124 ஆக்கினது யாரு?"ன்னு கேட்டாராம். அண்ணன் எழுந்து ஆறாம் பக்கத்தைப் படிச்சுக் காட்டினாராம். பாதிப் பேர் சமாதானம் ஆனாங்க, மீதிப் பேர் இன்னும் என்னை '124 தம்பி'ன்னுதான் கூப்பிடறாங்க.

56 ரூம் நைட் போனா அபராதம் இல்ல. நேத்து ராத்திரி வரைக்கும் வெள்ளிக்கு 19, சனிக்கு 34, ஆக 53. கட்-ஆஃப் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. அண்ணன் தினமும் காலையில எழுந்ததும் ஹோட்டலுக்குப் போன் போட்டு நம்பர் கேக்கறார்.